சாம்பல் பூசிய முகங்கள்

2019 பிப்ரவரி 4, கும்பமேளாவின் முக்கியக் குளியல் நாளான மௌனி அமாவாசை. பிரயாக்ராஜில் கங்கையும் யமுனையும் கலக்கும் இடத்துக்கு விடிவதற்கு முன்பே போய்விட்டேன், ஆனால் எனக்கு முன்னால் ஊரே வந்து நின்றது. மொத்தம் 13 அகாடாக்கள் (சாதுக்களின் மடங்கள்), ஒவ்வொன்றுக்கும் குளிக்க ஒரு நேரம், அந்த வரிசைக்காக முன்பெல்லாம் அடிதடியே நடந்திருக்கிறது.

துணியில்லாத நாகா சாதுக்கள் ஓடிவந்து தண்ணீரில் விழும் காட்சியைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன், பாதி படங்களில் யாரோ ஒருவரின் செல்போன்தான் தெரிகிறது! அதோடு பனிமூட்டம், அதற்குள் விபூதி பூசிய வெள்ளை உடம்பு. கேமராவை அதன் போக்கில் விட்டால் எல்லாமே மங்கிய சாம்பல் நிறமாகிவிடும், வெளிச்சத்தை நாமே கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும்.

நல்ல படங்கள் கிடைத்தது முந்தைய நாள் மதியம், கூடாரங்களில். தூனி என்கிற அக்னிக்குண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பாபா சிலிம் என்கிற குழாயில் புகைத்துக்கொண்டிருந்தார். கேமராவைத் தூக்கியதும் கையை நீட்டி "பைட்டோ" (உட்கார்) என்றார். சரி, உட்கார்ந்தேன். டீ வந்தது. அரைமணி நேரம் கழித்து, "எந்த ஊர்?" "மதுரை." "மீனாட்சி!" என்று சிரித்தாரே, அந்த ஒரு நொடியில் எடுத்ததுதான் இன்றும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. தட்சிணை ஐம்பது ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம்.