பாஸ்போர்ட் வரும்வரை சியான்

மகளைத் தத்தெடுக்க 2016 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து சீனா போனபோது ஊர் சுற்றும் எண்ணமே எங்களுக்கு இல்லை. நடைமுறைதான் சுற்ற வைத்தது. ஷான்சி மாகாணத் தலைநகர் சியானில் குழந்தையைக் கையில் கொடுத்து, மறுநாளே தத்தெடுப்பைப் பதிவு செய்து, நோட்டரி வேலையையும் முடித்துவிட்டார்கள். அவளுக்குச் சீனப் பாஸ்போர்ட் வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதன் பிறகுதான் அமெரிக்க விசாவுக்குக் குவாங்சோ நகரம்.

வழிகாட்டிப் பெண் நாள்தோறும் மூன்று இடங்கள் என்று பட்டியல் வைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும், மதியத் தூக்கத்துக்கு ஹோட்டல் திரும்பிவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். இரண்டரை வயதுக் குழந்தை. பழகிய முகம் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை. அவளை வேனில் ஒரு மணி நேரம் அடைத்து வைத்து, பழைய பேரரசர் ஒருவரின் கல்லறையருகே புதைத்த மண் வீரர் சிலைகளான சுடுமண் படையைக் காட்டி என்ன ஆகப்போகிறது? மகனுக்கோ அதைப் பார்த்தே தீர வேண்டும். 1974இல் விவசாயிகள் கிணறு வெட்டும்போது அது வெளிப்பட்ட கதையைக் கரைத்துக் குடித்திருந்தான். அவனும் அவன் அப்பாவும் அங்கே போனார்கள். நாங்கள் இருவரும் நகரச் சுவருக்குப் போனோம்.

மிங் காலத்துச் சுவர் அது. சுற்றளவு ஏறக்குறைய 14 கிலோமீட்டர். மேலே 12 மீட்டருக்குக் குறையாத அகலம். குழந்தையை இறக்கிவிட அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. என் விரலைப் பிடிக்க மாட்டாள். கைப்பையின் வாரை மட்டும் பிடித்துக்கொண்டு நடப்பாள். அவள் வாரை இழுத்தால் நான் நிற்க வேண்டும், விட்டால் நடக்கலாம். அன்று முழுவதும் அதுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

சுவரை ஒட்டிய பூங்காவில் பாட்டிமார் விடவில்லை. என் நிறத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வழிகாட்டி விளக்கியதும் ஒருவர் குழந்தையின் காலுறையை இழுத்துவிட்டு, கணுக்கால் தெரிகிறதே என்று என்னைக் கடிந்துகொண்டார். மூன்று அடுக்கு உடுப்பு போட்டிருந்தேன்! போதாதாம்.

சோறு, நூடுல்ஸ், முட்டை எதையும் தொடாதவள், முஸ்லிம் தெருவில் ஒரு பாவ்மோ கடையில்தான் வாய் திறந்தாள். அங்கே கிண்ணமும் கெட்டி ரொட்டியும் கொடுத்துவிடுகிறார்கள். ரொட்டியை நாமே சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட்டால், ஆட்டுக்கறிச் சாறு ஊற்றிச் சமைத்துக் கொண்டுவருகிறார்கள். அவளும் பிய்த்தாள். கிண்ணத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று.

இந்தியாவிலிருந்து யுவான் சுவாங் கொண்டுவந்த நூல்களைக் காக்க 652இல் கட்டிய பெரிய காட்டு வாத்துக் கோபுரத்தையும் பார்த்தோம். காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதியவர் இவர்தான் என்று மகனுக்கு நான் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருக்க, அவன் ஐஸ்கிரீம் கேட்டான்.

குவாங்சோவில் மருத்துவப் பரிசோதனை, தூதரக நேர்காணல், விசா ஆவணங்கள் அடங்கிய, பிரிக்கக் கூடாத ஒட்டிய உறை. வேறு சொல்ல ஒன்றுமில்லை. உறவினர் பிள்ளைகளைத் தத்தெடுப்பது போன்ற சில விலக்குகள் தவிர, 2024இல் சீனா வெளிநாட்டவர் தத்தெடுக்கும் இந்த வழியை மூடியும்விட்டது. எனவே விசா விவரம் இனி பெரும்பாலோருக்குப் பயன்படாது. சியானுக்குக் குழந்தையோடு போகிறவர்கள் பாவ்மோ கடைக்குப் பசி வருவதற்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். ரொட்டி பிய்க்க நேரமாகும்.