காப்பியில் சாயம் போட்ட சட்டைகள்

மெக்சிகோ சிட்டியில் காலையில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறினேன். வேராகுரூஸில் இறங்கி அதைக் கழற்றிப் பையில் திணிப்பதற்குள் முதுகு நனைந்துவிட்டது. துறைமுக ஊர்ப் புழுக்கம்.

நேரே காப்பிக்கடை. கடலோரச் சாலையில் இருக்கும் 'கிரான் கஃபே தெ லா பரோக்கியா'வில் 'லெச்செரோ' கேட்டால் கண்ணாடி டம்ளரின் அடியில் கொஞ்சம் டிகாக்‌ஷன் மட்டும் வரும். ஸ்பூனால் டம்ளரை டிங் டிங் என்று தட்ட வேண்டும். கெட்டிலோடு ஒருவர் வந்து சுடுபாலை உயரத் தூக்கி ஊற்றுவார். அவர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. நான்தான் முதல் வாயிலேயே வெள்ளைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

அந்தக் கறையோடுதான் கடற்படை அருங்காட்சியகத்துக்குப் போனேன். பழைய கடற்படைப் பயிற்சிப் பள்ளிக் கட்டடம் அது. 1914 ஏப்ரல் 21-ல் அமெரிக்கப் படை இந்த ஊரில் இறங்கியபோது உள்ளே மாணவர்கள் இருந்தார்கள்.

சண்டைக்கான காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். டாம்பிகோ துறைமுகத்தில் பெட்ரோல் வாங்கக் கரையேறிய அமெரிக்க மாலுமிகளை மெக்சிகோ சிப்பாய்கள் பிடித்துவிட்டார்கள். சீக்கிரமே விடுவித்து, வருத்தமும் தெரிவித்தார்கள். அமெரிக்க அட்மிரல் மாயோவுக்கு அது போதவில்லை. அமெரிக்கக் கொடியை ஏற்றி 21 குண்டு முழங்க வேண்டுமாம். நீங்களும் பதிலுக்கு முழங்குவதானால் சரி என்றார் அப்போது மெக்சிகோவை ஆண்ட ஜெனரல் உவெர்த்தா. அவருடைய ஆட்சியை அமெரிக்க அதிபர் வில்சனின் அரசு அங்கீகரிக்கவே இல்லை. இல்லாத அரசாங்கத்திடம் ராஜ மரியாதை கேட்டால் எப்படி?

அதற்குள் இபிரங்கா என்ற ஜெர்மன் கப்பல் உவெர்த்தாவுக்கு ஆயுதம் கொண்டுவருவதாகத் தகவல். 1911-ல் பதவியிழந்த சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸை நாட்டைவிட்டு ஏற்றிப்போன அதே கப்பல்தான். ஆயுதம் இறங்காமல் தடுக்க வேராகுரூஸ் துறைமுகத்தின் சுங்க அலுவலகத்தைப் பிடி என்று அமெரிக்கப் படைக்கு உத்தரவானது. பிடித்தார்கள். கப்பல் சில வாரம் கழித்து வேறொரு துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டுப் போய்விட்டது.

ஊரில் இருந்த மெக்சிகோ ராணுவத்தை ஜெனரல் மாஸ் பின்வாங்கி அழைத்துப் போய்விட, மொட்டைமாடியில் இருந்து சுட்டவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்களும் சிறையில் இருந்து திறந்துவிடப்பட்டவர்களும். பயிற்சிப் பள்ளியில் விர்ஹிலியோ உரிபே என்ற 17 வயது மாணவன் செத்தான். ஹோசே அசுவெத்தா என்ற லெப்டினன்ட் தெருவில் தனியாக மெஷின்கன் பிடித்துச் சுட்டுக் காயப்பட்டார். எதிரியின் டாக்டர் என்னைத் தொடக்கூடாது என்று அமெரிக்க மருத்துவரை மறுத்ததாகச் சொல்கிறார்கள். மே 10-ல் இறந்தார். படை இறங்கிய மறுநாள், ஏப்ரல் 22-ல், அமெரிக்கக் கப்பல் பீரங்கிகள் பள்ளியைச் சல்லடையாக்கின என்று காவலர் பெரியவர் கையை விரித்துக் காட்டினார். என் ஸ்பானிஷ் அரைகுறை. கை நன்றாகப் புரிந்தது.

எனக்குப் பிடிபட்ட சங்கதி வேறு. கரையிறங்கிய மாலுமிகளின் சீருடை வெள்ளை. குறிபார்க்கத் தோதான வெள்ளை. அதைக் காக்கியாக்கக் காப்பித் தண்ணீரில் தோய்த்தார்களாம்.

இந்தச் சின்னச் சண்டைக்கு வாஷிங்டன் தன் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஆனரை 50 பேருக்கு மேல் கொடுத்தது. ஸ்மெட்லி பட்லர் என்ற மரைன் அதிகாரி, இதற்கு நான் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். வைத்துக்கொள், அணிந்தும்கொள் என்று மேலிடம் உத்தரவிட்டது. பாவம்.

அமெரிக்கர்கள் ஏழு மாதம் இருந்தார்கள். ஜெனரல் ஃபன்ஸ்டன் சந்தையையும் சாக்கடையையும் சுத்தம் செய்தார். அதை மறுக்க முடியாது. நவம்பர் 23-ல் கிளம்பினார்கள். உவெர்த்தா அதற்கு நான்கு மாதம் முன்பே ஓடிப்போயிருந்தார். அந்த 21 குண்டு மட்டும் கடைசிவரை முழங்கவில்லை.

வேராகுரூஸுக்கு 'நான்கு முறை வீர நகர்' என்று பட்டம் உண்டு. எதிர்த்து நின்றது இவர்களை: 1825 ஸ்பெயின், 1838 பிரான்ஸ், 1847-லும் 1914-லும் அமெரிக்கா.

ராத்திரி விடுதியில் சட்டைக்குச் சோப்புப் போட்டு இரண்டு தடவை தேய்த்தேன். கறை போகவில்லை. காக்கி என்று சொல்ல முடியாது. ஒரு மாதிரி மஞ்சள்.