அடிமட்டமும் தங்கூசியும்

1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டபோது எங்கள் ஆய்வுகூடத்துக் கூரையும் போனது. சுவரில் தொங்கிய உடற்கூற்றுப் படங்கள் ஊறிக் கூழாகிவிட்டன. அடுத்த வருடம் உயர்தர வகுப்பில் கால் தசைகளைப் படிக்க எங்களுக்கு மிஞ்சியது அளக்கும் அடிமட்டம் மூன்று, இரண்டு ஆணி, கொஞ்சம் தங்கூசி, அதாவது மீன்பிடிக்கும் நைலோன் நூல். கொண்டுவந்தவர் எங்கள் விலங்கியல் சேர்.

அடிமட்டங்களை ஆணியால் கோத்து, மேலே இருப்பது இடுப்பு, நடுவில் தொடை, கீழே கணைக்கால் என்றார். தொடையின் முன்விளிம்பில் கொளுக்கி ஒன்று. தங்கூசியை அதனூடாக விட்டு, கணைக்காலின் முன்விளிம்பில் கட்டி இழுத்தார். முழங்கால் நிமிர்ந்தது. பின்விளிம்புக்கு மாற்றி இழுத்தார், மடங்கியது. “தசைக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும் மனே, தள்ளத் தெரியாது. எங்க கட்டியிருக்கு எண்டு பார், மிச்சம் தானா விளங்கும்” என்றார்.

அப்புறம் முடிச்சை முழங்கால் மூட்டிலிருந்து இரண்டு அங்குலம் கீழே இறக்கினார். அதே அளவு இழுத்தும் கால் முன்னைப்போல வீசவில்லை, ஆனால் சுலபமாக அசைந்தது. நம் தொடைத் தசைகள் மூட்டுக்குக் கிட்டத்தான் ஒட்டியிருக்கின்றன. தசை கொஞ்சம் சுருங்கினாலே பாதம் நெடுந்தூரம் வீசும். அதற்கு விலையாகத் தசை பலமாக இழுக்க வேண்டும்.

கடைசியாகக் கொளுக்கியைத் தொடையிலிருந்து கழற்றி இடுப்பின் பின்பக்கம் மாட்டினார். இப்போது ஒரே இழுப்பில் தொடை பின்னால் போனது, முழங்காலும் மடங்கியது. தொடையின் பின்தசைகள் பெரும்பாலும் இப்படித்தான். நாம் உட்காரும்போது வாங்கில் அழுந்துமே, அந்த எலும்பில் தொடங்கி, இரண்டு மூட்டுகளைத் தாண்டி, முழங்காலுக்குக் கீழே முடிகின்றன.

இதை வாசிக்கும் நீங்களும் தொட்டுப் பார்க்கலாம். கதிரையில் இருந்து, குதியை நிலத்தில் ஊன்றிப் பின்னுக்கு இழுங்கள். முழங்காலின் பின்னால் இரு பக்கமும் கயிறுபோலப் புடைக்கும். ஊரில் நரம்பு என்போம். நரம்பில்லை, தசையை எலும்போடு கட்டும் தசைநாண். வெளிப்பக்கக் கயிற்றைத் தடவிக்கொண்டு கீழே போனால் ஒரு சின்ன எலும்புக் குமிழில் முடியும், அது கணைக்காலின் வெளியெலும்புத் தலை. உள்பக்கத்துக் கயிறுகள் உள்ளெலும்புக்குப் போகின்றன. அதனால்தான் மடங்கிய காலை வெளிக்கயிறு வெளியேயும் உட்கயிறுகள் உள்ளேயும் திருப்புகின்றன.

அந்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றர் ஓடும்போது எனக்குத் தொடையின் பின்னால் ‘சுருக்’ என்றது. மண்ணில் விழுந்து கிடந்தேன். சேர் பக்கத்தில் குந்தி, “தொடை முன்னுக்கு உயர்ந்து நிக்க, முழங்காலும் நிமிர்ந்தா, அந்தத் தசை ரெண்டு முனையிலயும் இழுபடுது மகன்” என்று சொல்லிக்கொண்டே ஐஸ் வைத்தார். வலியோடு கேட்ட அந்தப் பாடம்தான் என்னைப் பிசியோதெரபி படிக்க வைத்தது.

ரொறன்ரோவில் போன மாதம் மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிகுடி அம்மா ஒருவர் குதி வலி என்று வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை நீட்டி ஒருதரம், மடக்கி ஒருதரம் கெண்டைக்காலை இழுத்து நிற்கச் சொன்னேன். ஏன் ரெண்டுதரம் என்று கேட்டார், நல்ல கேள்வி. மேசையிலிருந்து இரண்டு அடிமட்டத்தை எடுத்தேன். கெண்டைக்காலில் மேல்தசை தொடை எலும்பில் தொடங்குகிறது, அடித்தசை முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது, இரண்டும் ஒரே நாணாகிக் குதியில் முடிகின்றன என்று நூல் கட்டிக் காட்டினேன். முழங்காலை மடக்கியதும் மேல்நூல் தொய்ந்தது, கீழ்நூல் அப்படியே இறுகி நின்றது.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “அப்ப மடக்கினாத்தான் அடியில கிடக்கிறதுக்கு இழுவை போய்ச் சேருது, என்ன மனே?”