பம்பைக் கழற்றும் முன்

காமன் ரெயில் டீசல் பிக்கப் ஒன்று லோடோடு மேடேறும்போது திணறுகிறது. ஐடிலிங்கில் குலுங்குகிறது, செக் லைட் எரிகிறது, ஸ்கேனரைச் செருகினால் பி0087 என்ற கோளாறு எண்ணைக் காட்டுகிறது. ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் பகிரும் பொதுக் குழாயில், அழுத்தம் குறைவு என்பதே அந்த எண் சொல்லும் சேதி. ஏன் குறைந்தது என்று அது சொல்வதில்லை. இருந்தும் பல பட்டறைகளில் அதைப் பார்த்த மாத்திரத்தில் "பம்பு போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு ஹை பிரஷர் பம்பின் விலை சின்னத் தொகை இல்லை. புதுப் பம்பு போட்ட பிறகும் அதே குலுக்கல் தொடர்ந்தால், அவர் பணமும் போய், பட்டறை மேல் வைத்த நம்பிக்கையும் போகும்.

அழுத்தம் ஆடுகிறது என்றால் முதலில் மூன்று எண்களை ஒரே திரையில் ஓடவிட வேண்டும்: இசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) கேட்கும் அழுத்தம், ரெயிலில் உள்ள அழுத்தம், பம்புக்குள் போகும் டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்வுக்குப் போகும் கரண்ட். சூடான இன்ஜின் ஐடிலிங்கில் பெரும்பாலும் 250 முதல் 350 பார் வரை இருக்கும். முழு லோடில் 1,600 பார் சாதாரணம். பாஷ் பம்புகள் பலவற்றில் கரண்ட் இல்லாதபோது அந்த வால்வு திறந்தே இருக்கும், கரண்ட் கூடக் கூட மூடிக்கொள்ளும். அதனால் கரண்ட் அடிமட்டத்தில் இருந்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால், இசியூ வால்வை முழுக்கத் திறந்துவிட்டும் டீசல் போதவில்லை என்று பொருள்: ஒன்று வரத்துக் குறைவு, இல்லையேல் எங்கோ ஒழுகுகிறது, இல்லையேல் பம்பு தேய்ந்திருக்கிறது. கேட்ட அழுத்தம் நேர்கோடாக நிற்க, வந்த அழுத்தம் அதைச் சுற்றி மேலும் கீழும் அலைந்தால், காற்றையோ ஒட்டிக்கொள்ளும் வால்வையோ சந்தேகிக்க வேண்டும்.

திரையில் வரும் எண்ணையே நம்பலாமா என்பதை அதற்கும் முன்னால் பார்த்துவிட வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை மட்டும் போட்டால் ரெயில் சென்சாரின் சிக்னல் வயரில் ஏறக்குறைய 0.5 வோல்ட் இருக்கும், ஸ்கேனர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். அங்கேயே 40, 50 பார் காட்டினால் சென்சாரையும் அதன் எர்த்தையும் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் 300 பாரிலிருந்து 1,200க்குத் தாவி, கண் இமைப்பதற்குள் திரும்புவது டீசலால் ஆகாது, வயரால் ஆகும். இன்ஜின் ஓடும்போது கனெக்டரிலிருந்து ஆரம்பித்து ஹார்னஸை (வயர்க் கட்டை) ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே கிராஃபைப் பார்த்தால், பிராக்கெட்டில் உரசித் தேய்ந்த இடமோ எலி கடித்த இடமோ பிடிபடும்.

அடுத்தது காற்று. இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் இந்தக் கோளாறு வெளியே ஈரமே காட்டாது. டேங்கில் மின்பம்பு இல்லாத வண்டிகளில் ஹை பிரஷர் பம்போடு சேர்ந்த கியர் பம்புதான் டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் ஓ-ரிங் வெடித்திருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே அரை அடி ஒளி ஊடுருவும் குழாயைப் போட்டு, பின்னால் டார்ச் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் நாலைந்து குமிழி வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. ரேஸ் செய்யும்போதெல்லாம் ஊசிமுனை அளவுக் குமிழிகள் சரம் சரமாக வந்தால், அழுத்தம் ஆடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வழக்கமாக மாட்டும் இடங்கள் ஃபில்டர் மூடியின் ரப்பர், தண்ணீர் வடிக்கும் திருகு, பிரைமர் பல்பின் வால்வு, குழாய்களின் க்விக் கனெக்டர். ஃபில்டர் மாற்றிய மறுநாள் தொடங்கிய குலுக்கல் என்றால் நேராக ஃபில்டர் மூடிக்குப் போகலாம்.

ஓடி ஓடிப் போகப் போகத் திணறும் வண்டியில் அடைப்பைத் தேட வேண்டும். அதே இடத்தில் வேக்கம் கேஜைக் கோத்து ரேஸைப் பிடித்து வைத்தால், நல்ல லைனில் முள் கொஞ்சம்தான் இறங்கும். அரை பாரை நெருங்கினால் ஃபில்டரிலோ, டேங்குக்குள் இருக்கும் சல்லடையிலோ, நசுங்கிய பைப்பிலோ தடை இருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி தெளிந்தால் வென்ட் அடைத்திருக்கிறது. மண்ரோட்டில் ஓடும் பிக்கப்புகளில் இது சகஜம். சந்தேகம் தீரவில்லையா? சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, புது ஃபில்டர் வழியாக நேரே பம்புக்குக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அழுத்தம் நிலைத்தால் பம்பைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

கேனிலும் சரியாகவில்லை என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன், அதாவது இன்ஜெக்டரிலிருந்து திரும்பிப் போகும் டீசல். சோலனாய்டு (மின்காந்தச் சுருளால் திறக்கும்) இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் அளவு போட்ட பாட்டில் வைத்து, ஐடிலிங்கில் சில நிமிடம் ஓட்ட வேண்டும். மூன்று பாட்டில்கள் ஒரே மட்டத்தில் நிற்க, நாலாவது மட்டும் இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் அழுத்தம் அந்த வழியாகத்தான் வடிகிறது. பீசோ (மின்சாரத்தில் விரியும் படிகத்தால் திறக்கும்) இன்ஜெக்டர்கள் பலவற்றில் ரிட்டர்ன் லைனிலேயே அழுத்தம் நிற்க வேண்டும் என்பதால் இந்த முறை அவற்றுக்குச் சேராது. ரெயில் முனையில், அழுத்தம் எல்லை மீறினால் திறக்கும் லிமிட் வால்வின் ரிட்டர்னையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் அதில் டீசல் ஓடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய இன்லைன் பம்பு வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே யூனியன் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்ப்பது பழக்கம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. நூற்றுக்கணக்கான பாரில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் விரலையே இழக்க நேரும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைக் கையால் தடவாமல் அட்டையை நீட்டித் தேட வேண்டும். இன்ஜினை அணைத்து, ஸ்கேனரில் அழுத்தம் இறங்கியதைப் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

கடைசியில்தான் மீட்டரிங் வால்வு. கழற்றி அதன் சின்னச் சல்லடையை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். பழுப்புப் பிசின் என்றால் வால்வு ஒட்டியிருக்கிறது, மாற்றினால் பெரும்பாலும் தீரும். வெயிலில் மினுங்கும் வெள்ளித் தூள் விழுந்தால் பம்பு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. இந்தப் பம்புகளுக்கு டீசல்தான் மசகு. தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் அந்தப் படலம் அறுந்து இரும்போடு இரும்பு உரசும். அந்த நிலையில் பம்பை மட்டும் மாற்றினால் தூள் ரெயிலிலும் இன்ஜெக்டரிலும் மிச்சமிருந்து புதுசையும் கெடுக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, லைன்களை அலசி, ரெயிலைச் சுத்தம் செய்து, ஹை பிரஷர் பைப்புகளைப் புதுசாகப் போட்டு, இன்ஜெக்டர்களை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இந்தச் செலவை வேலை தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் பொறித்த எண்ணை இசியூவில் ஏற்ற வேண்டும், மீட்டரிங் வால்வு மாற்றினால் இசியூ புது வால்வைப் பழகிக்கொள்ள ஸ்கேனரில் லேர்னிங் ஓட்ட வேண்டும். சோதனை ஓட்டம் லோடோடு, மேட்டில், கிராஃபைப் பதிவு செய்தபடி நடக்கட்டும். காலி வண்டியைத் தெருமுனை வரை ஓட்டினால் இந்தக் கோளாறு வெளியே வராது.