முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரையும் வயிறும்

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் எங்கள் சேலம் வார்டுக்கு போன் செய்தால், பேச்சு பெரும்பாலும் முட்டியைப் பற்றி இருக்காது. "சிஸ்டர், வலியைக்கூடத் தாங்கிக்கிறேன், மோஷன்தான் போகவே மாட்டேங்குது."

டிராமடால், டேபென்டடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரைகள் வலியோடு சேர்த்துக் குடலின் அசைவையும் மந்தமாக்கும். மலம் தங்கித் தங்கி நீர் வற்றி இறுகிவிடும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. அதற்காக வலி மாத்திரையை நிறுத்தினால் முட்டியை மடக்கிப் பயிற்சி செய்ய முடியாது, மூட்டு இறுகிப்போகும்.

ஆகவே டாக்டரிடம் கேட்டு, முதல் நாளே மலமிளக்கியையும் தொடங்குங்கள். இரவில் பைசகோடில் 5 மி.கி. போட்டால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். பாலோடு போடாதீர்கள், மேல்பூச்சு இரைப்பையிலேயே கரைந்து வயிற்றைப் பிசையும். லாக்டுலோஸ் 15 மி.லி. பலன் தர இரண்டு நாள்கூட ஆகலாம், பொறுங்கள். இசப்கோலை மட்டும் நம்பாதீர்கள்: தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு அது மந்தமான குடலில் கட்டியாக அடைத்துக்கொள்ளும். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் வாந்தி வந்தால் மலமிளக்கி வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

ஏற்காட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வலி மாத்திரையால் வரும் குமட்டல், தலை அசைந்தால் கூடும். 20 கொண்டை ஊசி வளைவு சும்மா விடாது. கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, முன் சீட்டில் தலையைச் சாய்த்து உட்காருங்கள். கடையில் வாங்கும் பயண வாந்தி மாத்திரை தூக்கத்தைக் கூட்டும். ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கலையும் கூட்டும்.

பல டிராமடால் மாத்திரைகளில் பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்தே இருக்கும். இரண்டிரண்டாக மூன்று வேளை போட்டால் 1950 மி.கி.; அதன்மேல் டோலோ 650 (அதுவும் பாராசிட்டமால்தான்) நான்கு போட்டால் 4550. ஒரு நாளைக்கு 4000 தாண்டவே கூடாது, வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

தூக்க மாத்திரை, மது எதுவும் கூடவே கூடாது. தட்டியும் எழாமல், மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே போனால் உடனே 108.

வலி குறையும்போது, டாக்டர் சொன்னபடி மற்ற வேளைகளை முதலில் குறைத்து, பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் போடுவதைக் கடைசியாக விடுங்கள். மலமிளக்கியை அதற்கும் பிறகுதான் நிறுத்த வேண்டும்.