அப்பான்ர பேரில ஒரு 'எச்': வெள்ளவத்தை வீட்டை எங்கட பேருக்கு மாத்தின கதை

வீட்டில காணி உறுதி (பத்திரம்) வச்சிருக்கிற ஆக்கள் ஆராவது இருந்தா முதல்ல ஒண்டு சொல்லுறன், தயவுசெய்து அதை லேமினேட் பண்ணிப் போடாதீங்கோ. மிச்சக் கதை எல்லாம் பிறகு.

வீடு கொழும்பு வெள்ளவத்தையில, கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கைக்குள்ள, எட்டரை பேர்ச்சஸ் காணி. அப்பா 1978ல வாங்கினது. 1997ல அவர் தவறிட்டார். அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்ல, அம்மா இருக்கிறா தானே, சோலை வரி (மாநகர சபைக்குக் கட்டுற வீட்டு வரி) ஒழுங்காக் கட்டுறம் தானே, பிறகென்ன அவசரம் எண்டு விட்டிட்டம். 2021ல அம்மாவும் போயிட்டா. அடுத்த வருஷம் லோயரிட்டப் போகேக்க 24 வருஷத்துச் சோலை வரித் துண்டு எல்லாத்தையும் ஒரு பெரிய ஃபைல்ல அடுக்கிக் கொண்டு பெருமையாப் போனன். அவர் அதைத் திறந்தும் பாக்கேல்ல. வரி கட்டினா வீடு உங்கட எண்டு ஆகாது, அப்பாவுக்கு டெஸ்டமெண்டரி கேஸ், அதாவது செத்த ஆளின்ர சொத்தை வாரிசுகளுக்கு மாத்தக் கோர்ட்டில போடுற வழக்கு, போட்டனீங்களோ எண்டு கேட்டார். இல்லை. "அப்ப முதல்ல அப்பான்ர பங்கை முடிக்கோணும், பிறகுதான் அம்மாட பங்கு" எண்டார். அதாவது ரெண்டு பேருக்கும் தனித்தனியா எல்லாம்.

ரெண்டாவது கேள்வி, சொந்த ஊர் எது? யாழ்ப்பாணம் எண்டன். நாங்கள் பிறந்து வளந்தது கொழும்பில, ஆனாலும் தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின்ர சொத்துச் சட்டம், எங்களுக்குப் பின்னால வருமாம், காணி கொழும்பில கிடந்தாலும். கலியாணத்துக்குப் பிறகு அப்பா உழைச்சு வாங்கின வீடு எண்டபடியா அது தேடிய தேட்டம், அப்பா செத்த உடன பாதி அம்மாவுக்கு, மிச்சப் பாதி பிள்ளையளுக்கு. இப்ப அம்மாட பாதியும் எங்களுக்கு. நான், டொரொண்டோவில அண்ணா, தெஹிவளையில தங்கச்சி, ஆளுக்கு மூண்டில ஒண்டு. இதைக் கேட்டிட்டு மாமி ஒராள் ஃபோன் எடுத்து "வீடெண்டா பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தானே, அண்ணாவுக்கு என்னத்துக்கு" எண்டு ஒரு மணித்தியாலம் கதைச்சா. அது சீதனம் மாமி, இது வேற எண்டு சொல்லிச் சொல்லி நான் களைச்சுப் போனன்.

இனி லேமினேட் கதை. 83 ஜூலைக் கலவரத்தில வீட்டை விட்டு ஓடேக்க அம்மா கையில எடுத்தது ரெண்டே ரெண்டு சாமான், தாலிக்கொடி, உறுதி. இரத்மலானை முகாமில இருந்து கப்பல்ல காங்கேசன்துறை மட்டும் அந்தக் கடதாசியைச் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டு போனவ. திரும்பி வந்து கனகாலத்துக்குப் பிறகு, இனி ஈரம் படக்கூடாது எண்டு ஆரோ சொன்னதைக் கேட்டு லேமினேட் பண்ணிப் போட்டா. அதை நான் ஒரு கந்தோருக்குக் கொண்டு போக, கவுண்டரில இருந்தவர் வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்திட்டு "பெஹெ மிஸ், பெஹெ" (ஏலாது) எண்டு திருப்பித் தள்ளிவிட்டார். உறுதியில குத்தின சீல் அடையாளத்தைத் தொட்டுப் பாக்க ஏலாதாம். சண்டை பிடிக்க எனக்குச் சிங்களமும் அந்தளவுக்கு வராது. அந்தாளுக்கு என்ன தெரியும் அந்தக் கடதாசி எங்க எங்க போய் வந்தது எண்டு. வெளியில வந்து படியில இருந்து கொஞ்சம் அழுதன், அது உண்மை.

ஆனா உறுதி கெட்டா உலகம் முடியாது. நொத்தாரிசு (உறுதி எழுதிற லோயர்) உறுதி எழுதேக்க மூலம் எங்களுக்கு, ஒரு பிரதி தன்ர கையில, இன்னொண்டு காணிப் பதிவகத்துக்கு. அந்தப் பிரதியில இருந்து அத்தாட்சிப்படுத்தின கொப்பி எடுக்கலாம். எங்கட பிரச்சினை என்னண்டா, உறுதிக்குப் பின்னால அடிச்ச பதிவு நம்பர் பிளாஸ்டிக்குக்குள்ள ஊறி, கடைசி இலக்கம் மூண்டோ எட்டோ எண்டு தெரியேல்ல. மூண்டு எண்டு எழுதிக் குடுத்தன், காசு கட்டினன், பத்து நாள் கழிச்சுப் போனா ஆற்றயோ பொரளைக் காணி. எட்டு எண்டு போட்டுத் திரும்பப் போனா பதிவுப் புத்தகத்தில அந்தப் பக்கமே கிழிஞ்சு போச்சுது, பிறகு வாங்கோ எண்டாங்கள். வாசலில நிக்கிற ஆக்கள் "மிஸ், ஒரு கிழமையில எடுத்துத் தாறன்" எண்டு வருவினம், குடுக்காதீங்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒராள் குடுத்து, காசும் போச்சு, ஃபோனும் ஓஃப்.

கடைசியில வழி காட்டினது லோயரிட்ட வேலை செய்யிற பெடியன். உங்கட துண்டு ஒரு பெரிய காணியில இருந்து பிரிச்சது தானே, பக்கத்து வீட்டு உறுதியைப் பாருங்கோ அக்கா எண்டான். பக்கத்து வீட்டு நோனா ஒரு கதையும் பேசாமல் தன்ர உறுதியை எடுத்துத் தந்தா, தேத்தண்ணியும் தந்தா. அதில இருந்த நம்பரை வச்சுத் தாய்க் காணியின்ர பக்கத்துக்குப் போனா, எந்தெந்தத் துண்டு எந்தப் பக்கத்துக்குக் கொண்டு போனது எண்டு அங்கயே எழுதியிருக்கு. எங்கட துண்டும் இருந்தது. நம்பர் மூண்டும் இல்லை எட்டும் இல்லை, ஆறு!

கேஸ் போடுறது, மூண்டு பாஷைப் பேப்பரிலயும் அறிவித்தல் போடுறது எல்லாம் லோயர் பாத்தார், எனக்குக் காசு மட்டும்தான் வேலை. புதுக்கடைக் கோர்ட்டுக்கு நடக்கத் தொடங்கின பிறகுதான் 'எச்' வந்தது. உறுதியில இங்கிலிஷ்ல அப்பான்ர பேருக்கு நடுவில ஒரு எச் இருக்கு, மரணச் சான்றிதழ்ல இல்லை. தமிழில ரெண்டும் ஒரே பேர்தான், ஆர் கவனிக்கிறது? மரணத்தைப் பதியப் போனது அப்ப பதினேழு வயசில நான்தான், எழுதிக் காட்டின இடத்தில கையெழுத்துப் போட்டிட்டு வந்தனான். ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் எண்டு சத்தியக்கடதாசி முடிச்சுக் குடுத்தம். அதோட கிராம சேவகரின்ர கடிதமும் வேணுமாம். அவர் வந்து ரெண்டு வருஷம், "உங்கட அப்பாவை எனக்குத் தெரியாதே" எண்டார். நியாயம்தான். பிறகு அம்மாட அலுமாரியில தேடித் தேடி விவாகச் சான்றிதழ் எடுத்தம், அதில எச் இருந்தது, அடையாள அட்டை இலக்கத்தால மற்றதையும் பொருத்தி, பெட்டிஷனில அப்பாவுக்கு ரெண்டு பேரையும் போட்டு 'எனப்படும்' எண்டு எழுதினார் லோயர். இதுக்குள்ள ரெண்டு கோர்ட் தவணை போச்சு. நீங்கள் கேஸ் போட முதலே உறுதி, பிறப்பு, விவாகம், மரணம், அடையாள அட்டை எல்லாத்தையும் மேசையில பரப்பி வச்சு ஒவ்வொரு எழுத்தா வாசியுங்கோ. பிள்ளையளின்ர பிறப்புச் சான்றிதழ்ல அப்பான்ர பேர் எப்பிடி இருக்கு எண்டதையும் பாருங்கோ, தங்கச்சியின்ரயில இன்னொரு விதம்.

அண்ணான்ர அற்றோணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலா இஞ்ச ஒராள் கையெழுத்து வைக்கக் குடுக்கிற அதிகாரப் பத்திரம், தனிக் கூத்து. அங்க ஒரு லோயரிட்ட எழுதிச்சு, தூதரகத்திலயும் போய் எல்லாம் முடிச்சு அனுப்பினான். வந்து பாத்தா காணித்துண்டு இலக்கமும் இல்லை, பிளான் நம்பரும் இல்லை, வீட்டு விலாசம் மட்டும் இருக்கு, அதுவும் பழைய நம்பர். எங்கட ஒழுங்கையில நம்பர் மாறி எவ்வளவோ காலம். லோயர் இதை வச்சு ஒண்டும் செய்யேலாது எண்டிட்டார். அண்ணாவுக்குச் சொல்ல, "நான் இன்னொரு நாள் லீவு போடோணுமா" எண்டு என்னில பாய்ஞ்சான், நான் இஞ்ச எத்தினை நாள் லீவு போட்டிருப்பன் எண்டு ஒருக்காக் கேக்கேல்ல. வெளிநாட்டில ஆக்கள் இருந்தா இஞ்சத்த லோயரே ட்ராஃப்ட் எழுதி அனுப்போணும், அவை கையெழுத்து மட்டும் போட்டாக் காணும். வந்த பிறகு இஞ்சயும் பதியோணும், அதை மறக்காதீங்கோ. பழைய நம்பரும் புது நம்பரும் ஒரே வீடுதான் எண்டு மாநகர சபையில கடிதம் எடுத்தது ஒரே நாளில முடிஞ்சுது, ஒரு நல்ல பிள்ளை இருந்தா அந்தக் கவுண்டரில.

கோர்ட்டுக்குக் குடுக்கிற இன்வென்டரி (சொத்துப் பட்டியல்), கடைசிக் கணக்கு, உறுதி எழுதினது, பதிஞ்சது எல்லாம் நான் பயந்த மாதிரி இல்லை. ஆறு மாதம் எண்டு தொடங்கினது ரெண்டு வருஷமும் நாலு மாதமும். புது உறுதியைப் பிளாஸ்டிக் கவர் ஒண்டுக்குள்ள சும்மா போட்டு வச்சிருக்கிறன், வேணுமெண்டா வெளியில எடுக்கலாம். சோலை வரிப் பேரும் மாத்தியாச்சு, ஜனவரி 31க்கு முதல் முழு வருஷத்துக்கும் கட்டி 10 வீதக் கழிவும் எடுத்தன்.

லைட் பில் மட்டும் இன்னும் அப்பான்ர பேரிலதான் வருது. எச் இல்லாமல்.