கிட் சர்வரை இரண்டாம் பதிப்பு ப்ரோட்டோகாலுக்கு மாற்றினேன்: ஒரு வரி கான்ஃபிக்குக்கு மூன்று வாரம்

நேற்று மாலைதான் டிக்கெட் மூடப்பட்டது. கேட்டது ஒரே ஒரு வரி. வேறு மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் ‘அக்செப்ட்என்வ்’ என்று போட்டு, பக்கத்தில் ‘கிட்_ப்ரோட்டோகால்’ என்ற வேரியபிளின் பெயர். அந்த ஒரு வரிக்கு மூன்று வாரம் அலைந்தேன், இரண்டு முறை டிக்கெட்டைத் திருப்பி அனுப்பினார்கள். கோட் எழுதிய நாட்களைவிட இதற்குக் காத்திருந்த நாட்கள்தான் அதிகம். இதே வேலையில் யாராவது இறங்கப்போகிறீர்கள் என்றால் உதவும், அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் ரெப்போக்களை வைத்திருக்கும் சர்வர் வெளியில் வாங்கியது இல்லை, பல வருடங்களுக்கு முன் ஜாவாவில் உள்ளேயே எழுதியது. ஜாவாவிலேயே ரெடியாகக் கிடைக்கும் ஜேகிட்டுக்கு மாறிவிடலாமே என்று கேட்பீர்கள். ஸ்டோரேஜும் பிரான்ச் வாரியான அனுமதியும் எங்களுடைய சொந்த ஏற்பாடு, அதைப் பிய்த்தெடுப்பது இதைவிடப் பெரிய வேலை. கிளையன்ட்டுடன் பேச அந்த சர்வருக்குப் பழைய ப்ரோட்டோகால் மட்டும்தான் தெரியும். இரண்டாம் பதிப்பு 2018 ஜூனில் கிட் 2.18-உடனே வந்துவிட்டது. 2020 மார்ச்சில் 2.26-இல் அதை டிஃபால்ட் ஆக்கினார்கள், சில குறைகள் தெரியவந்து 2.27-இல் பின்வாங்கினார்கள், அப்புறம் மறுபடி டிஃபால்ட் ஆனது. இத்தனை நடந்தும் நாங்கள் அசையவில்லை.

அசைய வைத்தது கோடை எடுத்துக் கம்பைல் செய்யும் பில்ட் மெஷின்கள். பழைய முறையில் கிளையன்ட் எதுவும் கேட்பதற்கு முன்பே சர்வர் தன்னிடம் உள்ள எல்லா ரெஃபையும் (பிரான்ச், டேக் போன்றவற்றின் பெயரும் அது காட்டும் கமிட்டும்) ஒப்பித்துவிடும். உங்களுக்கு வேண்டியது ஒரு பிரான்ச்தான் என்றாலும் முழுப் பட்டியலும் வரும். ஒரு ரெஃபுக்கு 40 எழுத்து ஹாஷ், பெயர், நீளம் எல்லாம் சேர்த்து 75 பைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் ரெஃப் உள்ள ரெப்போவில் ஏழு எம்பிக்கு மேல் போகிறது. ஒன்றும் மாறவில்லை என்று தெரிந்துகொள்ள மட்டும் ஏழு எம்பி! புதிய பதிப்பில் சர்வர் தன்னால் என்னென்ன முடியும் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். கிளையன்ட் ‘எல்எஸ்-ரெஃப்ஸ்’ என்று கேட்டு, எந்த முன்னொட்டில் தொடங்கும் ரெஃப் வேண்டும் என்பதையும் சொல்லும்.

ஒரே கிளாஸில் பின்னிக்கிடந்ததை எல்எஸ்-ரெஃப்ஸுக்கு ஒன்று, ஃபெட்ச்சுக்கு (தன்னிடம் இல்லாததை இறக்கிக்கொள்வது) ஒன்று என்று இன்டர்ஃபேஸ் பிரித்து எழுத நான்கு நாள் ஆனது. அதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அடி விழுந்தது வேறு இடத்தில்.

பேக்கெட் எழுதும் கிளாஸில் ‘ஃப்ளஷ்’ என்று ஒரு மெத்தட் இருந்தது. அது 0000 என்ற முடிவுப் பேக்கெட்டையும் எழுதும், பஃபரில் இருப்பதைச் சாக்கெட்டிலும் தள்ளும். இரண்டும் வேறு வேறு வேலை, ஆனால் பழைய ப்ரோட்டோகாலில் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. புதியதில் 0001 என்று ஒரு பிரிப்பான் இருக்கிறது, ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்குகிறது என்பதற்கு. நான் பகுதி முடிகிற இடத்திலெல்லாம் பழக்கத்தில் ஃப்ளஷ்ஷையே கூப்பிட்டிருந்தேன்.

டெஸ்ட் எல்லாம் பச்சை. ஸ்டேஜிங்கில் பில்டும் ஓடியது. திங்கள்கிழமை காலையில் பக்கத்து டீம் பையன் வந்து, “அண்ணா, க்ளோன் வருது, ஃபெட்ச் பண்ணா மட்டும் செத்துப்போகுது” என்றான். எரர், ‘ரெடி’ என்று சொன்ன பிறகு பேக்ஃபைல் (கமிட்டுகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை) வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை என்கிறது. காரணம் இதுதான். க்ளோன் என்றால் முழு ரெப்போவையும் புதிதாக எடுப்பது, கிளையன்ட்டின் கையில் எதுவும் இல்லை, அதனால் முதல் வேண்டுகோளிலேயே ‘டன்’ சொல்லிவிடும், சர்வர் நேராகப் பேக்ஃபைலுக்குப் போகலாம். ஃபெட்ச்சில் கிளையன்ட் தன்னிடம் உள்ள கமிட்டுகளை ‘ஹேவ்’ என்று வரிசையாகச் சொல்லும், சர்வர் தெரிந்ததற்கு ‘ஏக்’ சொல்லும், போதும் என்று தோன்றினால் ‘ரெடி’ சொல்லும். ரெடி சொன்னால் அடுத்து 0001 போட்டு அதே பதிலில் பேக்ஃபைல் வர வேண்டும். ரெடி சொல்லவில்லை என்றால் 0000 போட்டு நிறுத்த வேண்டும். நான் ரெடி சொல்லிவிட்டு 0000 போட்டிருந்தேன். எங்கள் டெஸ்ட்டும் பில்ட் மெஷினும் ஒவ்வொரு முறையும் புதிதாக க்ளோன் செய்கிறவை, அதனால் ஒன்றுகூட அந்தப் பாதையைத் தொடவில்லை.

திருத்தியபோது ஃப்ளஷ் என்ற பெயரையே அழித்தேன். முடிவு எழுத ஒன்று, பிரிப்பு எழுத ஒன்று, பஃபரைத் தள்ள ஒன்று என்று மூன்று மெத்தட். பழைய பெயரை வைத்துக்கொண்டு உள்ளே மாற்றியிருந்தால் பழைய அழைப்புகள் எல்லாம் சத்தமில்லாமல் கம்பைல் ஆகியிருக்கும். பெயர் போனதும் கம்பைலரே ஒவ்வோர் இடமாகக் காட்டிக்கொடுத்தது, ஒவ்வொன்றையும் படித்து முடிவெடுக்க வேண்டியதாயிற்று. வயரில் போகும் எதையும் எழுதுகிற இன்டர்ஃபேஸை மாற்றும்போது இப்படித்தான் செய்யுங்கள் என்பேன்.

அடுத்த அடி இன்னும் வலித்தது, ஏனென்றால் அரை நாள் தவறான இடத்தில் தேடினேன். லோக்கலைசேஷன் டீமின் ஒரு ரெப்போவில் மட்டும் ‘பேட் லைன் லெங்த் கேரக்டர்’ என்று எரர். எஸ்எஸ்ஹெச்சில் கிட் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த எரர்தான், யாரோ பாஷ்ஆர்சி என்ற ஷெல் தொடக்க ஃபைலில் எதையாவது அச்சிடும் எக்கோ ஒன்றைப் போட்டிருப்பார்கள், அந்த எழுத்துகள் பேக்கெட்டுக்கு முன்னால் நுழைந்துவிடும். நானும் அதையே தேடிக்கொண்டு சர்வரில் ஒவ்வொரு ப்ரொஃபைல் ஃபைலாகத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து ரெப்போவைப் பார்த்தால், ஒரு பிரான்ச்சின் பெயர் தமிழில்.

பேக்கெட்டின் முதல் நான்கு எழுத்து அதன் நீளம், ஹெக்ஸில், அந்த நான்கையும் சேர்த்து. எல்எஸ்-ரெஃப்ஸ் கட்டளைப் பேக்கெட் 0014 என்று தொடங்கும், அதாவது 20 பைட். பைட், எழுத்து இல்லை. பழைய இன்டர்ஃபேஸ் பைட் வரிசையை வாங்கிக்கொண்டது, ரிவ்யூவில் ‘ஸ்ட்ரிங் வாங்கினால் படிக்க நன்றாக இருக்கும்’ என்று யோசனை வந்தது, நானும் சரி என்று மாற்றினேன். ‘கிளை’ என்ற சொல்லை ஜாவாவிடம் நீளம் கேட்டால் 4 என்று சொல்லும், யுடிஎஃப்-8-இல் அது 12 பைட். ஒரு வரியில் எட்டு பைட் மிஞ்சுகிறது, கிளையன்ட் அந்த மிச்சத்தை அடுத்த பேக்கெட்டின் நீளம் என்று நினைத்துப் படிக்கிறது. ஆங்கிலப் பெயர்களில் இரண்டு எண்ணும் ஒன்றுதான், ஆகவே நூற்றுக்கணக்கான ரெப்போக்களில் இது வெளியே தெரியவே வாய்ப்பில்லை. உடனே பைட்டுக்குத் திரும்பினேன். இப்போது எங்கள் டெஸ்ட் ரெப்போவில் ‘கிளை’ என்ற பெயரிலேயே ஒரு பிரான்ச் நிரந்தரமாக இருக்கிறது.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இரண்டாம் பதிப்பு வேலை செய்யவில்லை என்றால் எதுவும் உடையாது. கிளையன்ட் எனக்கு 2 வேண்டும் என்று ஓரமாகக் கேட்கும், சர்வருக்கு அது கேட்கவில்லை என்றால் பழையபடி பேசும், கிளையன்ட்டும் முணுமுணுக்காமல் பழையபடி பேசிக்கொண்டு போகும். எரர் கிடையாது, வார்னிங் கிடையாது. நான் ப்ரொடக்‌ஷனில் போட்டுவிட்டு, முடிந்தது என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பிப் பத்து நாள் கழித்துதான் ஒருவரும் 2-இல் பேசவில்லை என்று தெரிந்தது. ஹெச்டிடிபியில் அந்தக் கோரிக்கை ‘கிட்-ப்ரோட்டோகால்’ என்ற ஹெடரில் வருகிறது, சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் ப்ராக்ஸி தனக்குத் தெரிந்த ஹெடர்களை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு மற்றதை உதறியிருக்கிறது. அந்த மெயிலைத் திருத்தி இன்னொரு மெயில் அனுப்பியது நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே டெப்லாய் ஆன அன்றே, கிட்டின் பேக்கெட் ட்ரேஸ் வேரியபிளை 1 என்று வைத்து ஒரு எல்எஸ்-ரிமோட் (ரெஃப் பட்டியலை மட்டும் கேட்கும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். ‘வெர்ஷன் 2’ என்று ஒரு வரி வந்தால் வந்தது. நேராக ரெஃப் பட்டியல் கொட்டினால் இல்லை. ஹெச்டிடிபி, எஸ்எஸ்ஹெச் இரண்டிலும் தனித்தனியாக, ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்தே பாருங்கள், சர்வருக்குள் உட்கார்ந்து பார்த்தால் ப்ராக்ஸி வழியில் வராது.

ஹெடரைத் திறந்துவிட்டதும் வேறொன்று வெடித்தது. பில்ட் சுமையைக் குறைக்க யாரோ எப்போதோ அந்த ப்ராக்ஸியில் ரெஃப் பட்டியல் முகவரிக்கு 30 விநாடி கேஷ் போட்டிருந்தார்கள், அதாவது ஒரு பதிலை வைத்துக்கொண்டு அதையே திருப்பிக் கொடுக்கும், எந்தப் பதில் எதற்கு என்று பார்க்கும் சாவி யூஆர்எல் மட்டும். புது கிளையன்ட்டுக்குப் போன பதில் அடுத்த விநாடியில் ஒரு சென்ட்ஓஎஸ் 7 மெஷினுக்கும் போனது. அதில் இருப்பது கிட் 1.8.3.1, அதற்கு இரண்டாம் பதிப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது, பில்ட் நின்றது. கேஷை எடுத்துவிட்டோம். எடுக்க முடியாத இடத்தில் ஹெடரையும் சாவியில் சேருங்கள்.

எஸ்எஸ்ஹெச்சில் ஹெடர் இல்லை, அந்த வேரியபிள்தான். சர்வர் அதை ஏற்க அந்த ஒரு வரி வேண்டும். முதல் டிக்கெட், ‘காரணம் போதாது’ என்று மூடப்பட்டது. நான்கு பத்தி காரணம் எழுதி இரண்டாவது போட்டேன், ‘செக்யூரிட்டி ஒப்புதல் இணைக்கப்படவில்லை’ என்று அதுவும் மூடப்பட்டது. சர்வர்களைப் பராமரிக்கும் இன்ஃப்ரா டீமிடம் நேரில் போனேன். “சார், அப்ரூவல் நம்பர் இல்லாம நான் கை வைக்க முடியாது, ஃபார்ம் அவங்ககிட்டதான் இருக்கும்” என்றார். செக்யூரிட்டி டீமுக்குப் போனால், “இன்ஃப்ரா டீம் கேட்டா குடுப்போம் சார், அவங்க எங்ககிட்ட கேக்கவே இல்லையே” என்கிறார்கள். இரண்டு மாடிக்கு நடுவில் ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் இரண்டு பேரையும் ஒரே கான்ஃபரன்ஸ் காலில் உட்கார வைத்தேன், பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டும், நீங்களாவது செய்யுங்கள். டிக்கெட்டில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: ஸ்டார் குறி போட்டுப் பலவற்றைத் திறக்காமல் இந்த ஒரே வேரியபிளைப் பெயர் சொல்லித்தான் கேட்கிறோம், சர்விஸை ரீலோட் செய்தால் போதும், திறந்திருக்கும் செஷன் அறுந்துபோகாது. இந்த இரண்டு பயத்தில்தான் முதல் டிக்கெட்டை மூடினார்களாம்.

ஆனால் அந்தக் கான்ஃபரன்ஸ் காலில் செக்யூரிட்டி மேடம் கேட்ட ஒரு கேள்விக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். “இவருக்குக் காட்டாத பிரான்ச்சோட கமிட் ஐடி கைல இருந்தா, அதை நேரா ஃபெட்ச் பண்ண முடியுமா?” பழைய கோடில் அனுமதிச் சோதனை ரெஃப் பட்டியலை எழுதும் மெத்தடுக்குள்ளேயே இருந்தது, பட்டியலில் இல்லாததைக் கேட்டால் மறுத்துவிடும். புதியதில் ஃபெட்ச் தனி வேண்டுகோள், முன்பு என்ன காட்டினோம் என்ற நினைவு அதற்கு இல்லை. போய் முயன்று பார்த்தேன், கொடுத்துவிட்டது. அன்று இரவே ஃபெட்ச் பக்கத்திலும் சோதனையைச் சேர்த்தேன்.

புஷ் பக்கத்தைத் தொடவில்லை, அதற்கு இரண்டாம் பதிப்பு கிட்டிலேயே இன்னும் இல்லை, பழையபடியே ஓடுகிறது. நேற்று ஐந்தரைக்கு ரீலோட் செய்தார்கள். ‘எஸ்எஸ்ஹெச்டி’ கட்டளையைப் பெரிய டி சேர்த்து ஓட்டினால் நடைமுறையில் உள்ள கான்ஃபிக் முழுவதும் வரும், அதில் அந்த வரி இருந்தது. என் இடத்துக்கு வந்து ட்ரேஸ் போட்டு எல்எஸ்-ரிமோட் ஓட்டினேன். ‘வெர்ஷன் 2’. இன்னொரு முறை ஓட்டினேன், மறுபடியும் அதே வரி. அப்புறம்தான் மெயில் அனுப்பினேன்.